மருமகனுக்குப் பெண் கேட்டுப் போன மாமி

சாய்ந்தமருதில் தன் மூத்த சகோதரியான ராத்தாவின் வீட்டுப் பின்வளவில் சிபானா மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில்தான் செய்னம்பு உம்மா அவளைத் தேடி வந்தார். சுனாமி அடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு கையில் குடை, மறுகையில் வாழைப்பழச் சீப்பு, தலையில் இறுக்கிப் போட்ட முக்காடு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ராத்தா கதிரையைத் துடைத்துப் போட்டாள். வந்தவர் அதில் உட்காரவில்லை. நேரே பின்வளவுக்கு வந்து, சிபானாவுக்கு எதிரே கிடந்த சின்னப் பலகையில் குந்திக்கொண்டார்.

"புள்ளைட பேரு சிபானாதானே?"

"ஓம்."

"நான் மருதமுனையில இருந்து வாறன் மனே. என்ட மகளும் கடலோட போனவ. மருமகனுக்கு ஒரு பொண் தேடுறன்."

ராத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. "மருமகனுக்கு நீங்களா பொண் கேட்டு வந்த? அவருக்குச் சொந்த உம்மா இல்லையா?"

"இரிக்கா. அவ தேடினா மகனுக்குத் தோதாத் தேடுவா. நான் என்ட பேரப்புள்ளையளுக்குத் தேடுறன்."

கல்முனைப் பக்கத்து ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். மனைவி இறந்து மௌத்தாகிப் போனால் தன் தாய்வீட்டுக்குத் திரும்புவார். பிறகு இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளைகள் உம்மாவின் தாயான உம்மம்மாவோடு நின்றுவிடும். யாரும் இதைத் தப்பென்று சொல்வதில்லை. செய்னம்பு உம்மாவுக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. தாயைக் கடல் கொண்டுபோன பிள்ளைகளுக்குத் தகப்பனும் விருந்தாளியாகிப் போகக்கூடாது என்று முடிவுசெய்திருந்தார்.

"மாப்பிள்ளைய நான் இஞ்ச அனுப்ப மாட்டன். நீதான் மனே எங்கட ஊட்டுக்கு வரணும்."

"மூத்தவட ஊட்டுக்கு ரெண்டாம் தாரம் போறதா? எந்த ஊர் நியாயம் இது?" என்று ராத்தா குரலை உயர்த்தினாள்.

சிபானா கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவளுடைய புருஷனும் அதே காலையில் கடலோடு போனவர்தான்; கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"என்னைய ஏன் தேடி வந்தீங்க?"

"நாமெல்லாம் பள்ளிக்கூடத்துல அகதியா இரிந்த நேரம் தண்ணி பவுசர் வந்திச்சி. வரிசையில நிண்ட கிழவியள ஒரு தடியன் இடிச்சிட்டுப் போனான். நீ அவன ஏசின ஏச்சு! நானும் அந்த வரிசையிலதான் நிண்டன். அண்டைக்கே உன்ட பேர விசாரிச்சி வச்சன்."

"ஏசுறவளத்தான் தேடுறீங்களா?"

"ஓம். என்ட பேரன் லேசான ஆள் இல்ல. சும்மா சிரிச்சிட்டிரிக்கிற பொண்ணுக்கு அவனப் பாக்க ஏலா."

சிபானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன் செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடலுக்குப் பிறகு தான் சிரிப்பது அதுதான் முதல் தடவை என்பது, அவர் குடையை விரித்துக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

ஒரு கிழமை யோசித்துவிட்டு ஓம் என்றாள்.

செய்னம்பு உம்மா எப்படிப்பட்ட மனுசி என்பதை மருதமுனைக்குப் போன பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். தொண்ணூறாம் ஆண்டில், நாடு பற்றி எரிந்த நாட்களில், விளைந்த நெல்லைப் பார்க்க வயல்வெளிக்கு, வட்டைக்குப் போன அவருடைய புருஷன் ஆதம்பாவா திரும்பி வரவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை. வெள்ளை உடுத்தி, விதவைகள் அறைக்குள் ஒதுங்கியிருக்கும் இத்தா இருக்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் வந்தபோது, "மையித்தக் காட்டுங்க, இரிக்கன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். வருடக்கணக்காக வட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு உழவு இயந்திரத்தையும் கடப்படி வாசலில் நின்று பார்த்தாராம். பிறகு ஒருநாள், யாரும் சொல்லாமலே, தானாக வெள்ளையை எடுத்து உடுத்திக்கொண்டு அறைக்குள் போனார்.

ஒரே மகள் நஸீறா. அவளை வளர்க்க நெல் அவித்தார். பின்வளவில் பெரிய பீப்பாயை அடுப்பில் ஏற்றி, அவித்த நெல்லைப் படங்கில் பரப்பி, மழை இருட்டினால் ஊரில் எங்கிருந்தாலும் ஓடிவந்து அள்ளுவார். அந்த அரிசியைக் கல்முனைச் சந்தைக்கு அனுப்பித்தான் மகளுக்கு வீடு கட்டினார். லொறி ஓட்டும் அப்துல் ஹமீட்டை மாப்பிள்ளையாக எடுத்தார். கல்யாணத்தன்று இரவே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, வயல் பக்கமாக இருந்த தன் அண்ணன் மீராலெவ்வை காக்காவின் வீட்டுக்குப் போயிருந்தார். நஸீறா உடுப்புக் கழுவ நின்றுவிட்டாள். அப்துல் ஹமீட் மரக்கறி ஏற்றத் தம்புள்ளைக்குப் போயிருந்தார். லொறியைப் பாதி வழியில் விட்டுவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது, மகளின் மையித்தை மாமி ஏற்கனவே தேடி எடுத்திருந்தார்.

நிக்காஹ் அமைதியாக நடந்தது. செய்னம்பு உம்மாவின் காக்கா மீராலெவ்வை வரவில்லை. "செத்த மகள்ட இடத்துல இன்னொருத்தியக் கொண்டுவந்து இரித்துறாள்" என்று பள்ளிவாசல் வாசலில் நின்று சொன்னாராம். மெயின் வீதிக்கு மேற்கே, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கிடைத்த புது வீடு. சிபானா உள்ளே வந்தபோது செய்னம்பு உம்மா வீட்டின் பூட்டுத் திறப்பை அவளுடைய உள்ளங்கையில் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார்.

சின்னவள் அம்ஹா சீக்கிரமே ஒட்டிக்கொண்டாள். "சாச்சி, சாச்சி" என்று சின்னம்மா முறை சொல்லிக்கொண்டு பின்னாலேயே திரிந்தாள். மூத்தவன் றஸ்மிக்கு எட்டு வயது. சிபானா பிசைந்த சோறு அவனுக்குக் கசந்தது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, உம்மம்மாவின் மடிக்குப் போய், "நீங்க தீத்துங்க" என்று ஊட்டச் சொல்வான். தலை சீவப் போனால் உதறுவான். நோய் வந்தால் அவள் கொடுக்கும் மருந்தைத் துப்புவான். சிபானா பொறுத்துப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள், ஒருநாள் குசினிக்குள் போய் அழுதும் பார்த்தாள்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த செய்னம்பு உம்மா அவளுடைய அழுகையைக் கேட்டார். அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு, இரண்டு சீலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு நின்றார்.

"எங்க மாமி போறீங்க?"

"காக்காட ஊட்ட. கொஞ்ச நாள் நிண்டுட்டு வாறன்."

"இவனுகள வச்சிட்டு நான் என்ன செய்ய?"

"நான் இரிக்கும்வரைக்கும் அவன் உன்ட கையத் தேட மாட்டான் மனே. நான் போனாத்தான் சரி." பையைத் தோளில் போட்டவர், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் வெளியே இறங்கிப் போனார்.

முதல் நாள் றஸ்மி சாப்பிடவே இல்லை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டான். அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டும் அவன் வீட்டுக்கு வரவில்லை. சிபானா அம்ஹாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெயிலில் தேடிப் போனாள். எங்கே போயிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். மீராலெவ்வையின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. றஸ்மி புத்தகப் பையோடு வாசற்படியில் நின்று இரண்டு கையாலும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"உம்மம்மா! உம்மம்மா, தொறங்க! நான் வந்திரிக்கன்!"

உள்ளே சத்தமில்லை. அவன் கதவை உதைத்தான். பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்து விம்மினான். சிபானா அம்ஹாவைக் கீழே இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, அவனைத் தூக்கினாள். அவன் திமிறி அவளுடைய தோளில் கடித்தான். ரத்தம் கசிந்தது.

"கடிச்சாக் கடி. உன்ன நான் இறக்க மாட்டன், வெளங்குதா? எவ்வளவு கடிச்சாலும் இறக்க மாட்டன்!"

வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் பாரம் லேசானதல்ல. சந்திக்கு வரும்போது அவளுக்கு மூச்சு முட்டியது. ஆனால் அதற்குள் அவனுடைய பற்கள் தளர்ந்திருந்தன. மெயின் வீதியைக் கடக்கும்போது அவளுடைய தோளில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனான். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு எழும்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவன், அவள் பிசைந்து நீட்டிய முதல் கவளத்துக்கு வாயைத் திறந்தான். 

இரண்டு நாள் கழித்து மீராலெவ்வை சைக்கிளில் வந்தார். நிக்காஹுக்கு வராத மனிதர் முற்றத்தில் நின்று செருமினார்.

"என்ட தங்கச்சி அண்டைக்கு ஊட்டுக்குள்ளதான் இரிந்தாள், தெரியுமா உனக்கு?"

"தெரியா, மாமா."

"கதவுக்குப் பின்னால நிண்டவள். சீலைத் தலைப்ப வாய்க்குள்ள அடைச்சிட்டு நிண்டாள். என்னால தாங்க ஏலாம நான் தொறக்கப் போனன். என்ட கையப் புடிச்சி நிப்பாட்டினாள். நகம் பட்ட காயம் இந்தா இரிக்கி." புறங்கையை நீட்டிக் காட்டினார். "நீ அவனத் தூக்கிட்டுப் போன பொறகு விழுந்து கிடந்து அழுதாள். இன்னும் சோறு தண்ணி ஒழுங்கா இல்ல." சைக்கிளில் ஏறியவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "பொடியன் சாப்பிடுறானா?"

"சாப்பிடுறான்."

"அப்ப நான் போய்ச் சொல்றன்."

இரண்டு கிழமைக்குப் பிறகு செய்னம்பு உம்மா திரும்பி வந்தார். கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தார். றஸ்மி ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அன்று பகல் சாப்பாட்டுக்கு உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தவன், "சாச்சி, எனக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க" என்று கோப்பையைச் சிபானாவிடம் நீட்டினான். செய்னம்பு உம்மா தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழும்பிப் போய், குசினியில் நெடுநேரம் நின்றார்.

அதன் பிறகு வந்த வருடங்களை நினைத்தால் சிபானாவுக்குச் சிரிப்பு முன்னால் வரும். மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது அந்தத் தலைமுறையில் வழக்கமில்லை. ஒரே வளவுக்குள் இத்தனை வருடம் இருந்தும் செய்னம்பு உம்மா அப்துல் ஹமீட்டிடம் நேரே ஒரு சொல் சொன்னதில்லை. இடையில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மூலம் சொல்வார். யாருமே இல்லாவிட்டால் குசினிப் பூனையிடம் சொல்வார். "கேட்டியா பூன, கொழும்புக்குப் போற ஆக்கள் வெறும் வயித்தோட போகக்கூடா. மேசையில ரொட்டி இரிக்கி." அப்துல் ஹமீட்டும் வெளியே நின்று பூனைக்கே பதில் சொல்வார்: "வழியில சாப்பிடுறன் எண்டு சொல்லு." பூனை இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்க்கும். அம்ஹா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சிபானாவின் மகள் ஆகிலா பிறக்கும் நேரம் மாரி மழை. திரீவீலர் கல்முனை ஆஸ்பத்திரியை நோக்கி வெள்ளத்துக்குள் ஊர்ந்தது. வலி தாங்காமல் சிபானா "உம்மா! உம்மா!" என்று கத்தினாள். அவளுடைய தாய் அவளுக்கு விவரம் தெரியுமுன்னே மௌத்தானவர், முகம்கூட நினைவில்லை. பக்கத்திலிருந்த செய்னம்பு உம்மா அவளுடைய தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கத்தலுக்கும் "இரிக்கன் மனே, இரிக்கன்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளையோடு திரும்பி வந்தபோது சிபானாவின் வாயில் "மாமி" என்ற சொல் வரவில்லை. "உம்மா, தண்ணி தாங்க" என்றாள். அவர் தண்ணீர் கொடுத்தார். 

நாற்பது நாளும் அவளை அடுப்படிக்கு வர விடவில்லை. சரக்கு அரைத்துக் கறி சமைத்தார், வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிக்க வார்த்தார், பிள்ளையை எண்ணெய் பூசிக் காலில் படுக்கவைத்துக் குளிப்பாட்டினார். அப்துல் ஹமீட் மட்டும் பிள்ளையைத் தூக்காமல் தள்ளித் தள்ளி நின்றார். வெளியே கிடந்த கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மனசில் என்ன ஓடுகிறது என்று சிபானாவுக்குத் தெரிந்தும் கேட்கப் பயமாக இருந்தது.

ஒருநாள் மாலை அஸர் தொழுகை நேரம் செய்னம்பு உம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே வெளியே போனார். பூனையைத் தேடவில்லை. மருமகனுக்கு முன்னால் போய் நின்றார். அப்துல் ஹமீட் பதறி எழும்பினார்.

"மருமகன், புள்ளைய வாங்குங்க. நீங்க சிரிச்சா நஸீறாக்குக் குறையாது. நான் பெத்தவள், எனக்குத் தெரியும்."

அவர் இரண்டு கையையும் நீட்டிப் பிள்ளையை வாங்கினார்.  செய்னம்பு உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அடுத்த நாள் காலையில் மறுபடி பூனையிடம்தான் கதைத்தார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். றஸ்மி மேசன் வேலை பழகி, பிறகு சொந்தமாகவே வீடு கட்டிக் கொடுக்கும் வேலைக்கு இறங்கினான். அம்ஹாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஊர் வழக்கப்படி, அவர்கள் குடியிருந்த வீடு அவளுக்குப் போனது. அது நஸீறாவின் மகளுக்குச் சேரவேண்டிய வீடு என்பதில் சிபானாவுக்கு ஒரு குறையும் இல்லை. தன் மகளுக்கு என்ன செய்வது என்று அவள் வாய்விட்டுக் கேட்டதும் இல்லை.

கல்யாணம் முடிந்து விருந்தாளிகள் கலைந்த கையோடு செய்னம்பு உம்மா றஸ்மியைக் கூப்பிட்டுப் பின்வளவைக் காட்டினார். "இதுல ஆகிலாக்கு ஒரு ஊடு. அத்திவாரம் எப்ப வெட்டுற?"

மீராலெவ்வைக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு வந்து கேட்டார்: "செய்னம்பு, அந்தக் குட்டி உன்ட ரெத்தமா?"

"ரெத்தம் பாத்தா நான் அண்டைக்குச் சாய்ந்தமருதுக்குப் போயிருப்பனா, காக்கா?"

கிழவர் தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார்.

அத்திவாரம் வெட்டிய நாளிலிருந்து செய்னம்பு உம்மாவுக்கு அதுவே வேலையாகிவிட்டது. சுவர் எழ எழக் காலையும் மாலையும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பார். "உம்மம்மா, நீங்க போய்ப் படுங்க, நான் அடிக்கன்" என்று றஸ்மி சொன்னால், "நீ அவசரக்காரன், கல்லு காய்ஞ்சி போகும்" என்பார். சிபானா ஏசிக் குழாயைப் பறித்தால், அவள் சோறு வடிக்கப் போகும்வரைக்கும் காத்திருந்து மறுபடி எடுப்பார்.

போன வருடம் ஒரு மாலை, ஆகிலா தேத்தண்ணியோடு பின்வளவுக்குப் போனாள். உம்மம்மா மணல் கும்பியில் உட்கார்ந்து, புதுச் சுவரில் சாய்ந்திருந்தார். குழாய் கையிலிருந்து நழுவி, தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு போட்ட சத்தத்தில் சிபானா அகப்பையோடு ஓடிவந்தாள்.

மையித்துக் குளிப்பாட்ட வந்த பெண்கள் சீலையால் மறைப்புக் கட்டினார்கள். அவர்களில் மூத்தவள் வெளியூர்க்காரி, குடும்பம் தெரியாதவள். "பெத்த மகள் ஆராவது இரிந்தா வரச் சொல்லுங்க. முதல் தண்ணிய அவ ஊத்தட்டும்" என்றாள். வீடு நிறைந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிபானா மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். அம்ஹா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளி விறாந்தையில், ஆண்களோடு உட்கார்ந்திருந்த மீராலெவ்வையின் கிழட்டுக் குரல் கதவைத் தாண்டி வந்தது.

"மகள் இரிக்கா. சிபானாவக் கூப்பிடுங்க."

அவள் போனாள். அந்த முகத்தைத் துடைத்தாள், நரைத்த மயிரைப் பிரித்துக் கழுவினாள், நெல் அவித்த காலத்தில் பீப்பாய் சுட்டு முழங்கையில் விழுந்திருந்த பழைய தழும்பின்மேல் தண்ணீர் வார்த்தாள்.  கபுறில் இறக்க றஸ்மியும் அப்துல் ஹமீட்டும் குழிக்குள் இறங்கினார்களாம். எல்லாரும் கலைந்த பிறகும் வாப்பா அங்கேயே குந்தியிருந்து மாமியோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார் என்று றஸ்மி வந்து சொன்னான்.

பின்வளவு வீட்டுக்கு இந்த நோன்புக்கு முன்னால் கூரை போட்டு முடிந்தது. சிபானாவும் அப்துல் ஹமீட்டும் ஆகிலாவும் அதற்குள் குடிபோனார்கள். முன்வீட்டிலிருந்து அம்ஹாவின் குழந்தை அழுகிற சத்தம் யன்னல் வழியாகக் கேட்கும். புது வீட்டில் குசினிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அறை இருக்கிறது. வரைபடம் போடும்போது செய்னம்பு உம்மாவே றஸ்மியிடம் கேட்டு வாங்கிய அறை அது. கிழக்கே கடல் பக்கம் பார்த்த யன்னலும், ஒரு கட்டில் போடத்தக்க இடமும் வேண்டும் என்றாராம். அவருடைய வாழ்நாளில் தனக்கென்று கேட்ட ஒரே அறை.

பல நாட்கள் சிபானா அதைக் கூட்டித் துடைத்துப் பூட்டியே வைத்திருந்தாள். ஆகிலா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். புத்தகங்களைப் பரப்ப இடமில்லை. ஒருநாள் கேட்டாள்: "உம்மா, நான் உம்மம்மாட அறையில இரிந்து படிக்கட்டா?"

 சிபானா அரிசி களைந்து உலையில் போட்டாள், அடுப்பைத் தணித்தாள், கையைத் துடைத்துக்கொண்டு போய் அறைத் திறப்பை எடுத்து வந்தாள். மேசையை இருவருமாகத் தூக்கிப்போய் யன்னலோரம் போட்டார்கள். ஆகிலா யன்னலைத் திறந்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தாள். கடற்காற்று உள்ளே வந்தது. சிபானா கொஞ்ச நேரம் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.